ரேகை வைத்தவன் பேரன் ஆராயட்டும்!

"நம் கிளைச் செயலாளர் மகன் குற்றவியலில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கப் போகிறானாம். திருடனைப் பிடிக்கப் போலீஸ் இருக்கிறது. தண்டிக்கக் கோர்ட்டு இருக்கிறது. நடுவிலே இவன் எதை ஆராயப் போகிறான்?"

மில் வாசலில் தோழர் ஒருவர் இப்படிக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. கேள்வி நல்ல கேள்வி. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

எது குற்றம், எவன் குற்றவாளி என்று இதுநாள் வரை எழுதி வைத்தவர்கள் யார்? ஏழையா எழுதினான்? உழைப்பாளியா எழுதினான்? இல்லை! எழுதியவன் ஒருவன், எழுதப்பட்டவன் வேறொருவன்.

1876இல் இத்தாலி நாட்டு மருத்துவர் லொம்பிரோசோ ஒரு நூல் எழுதினார். பிறக்கும்போதே குற்றவாளியாகப் பிறப்பவன் உண்டு, தாடையையும் காதையும் பார்த்தே அவனைக் கண்டு கொள்ளலாம் என்றார். பின்னால் வந்த ஆராய்ச்சி அதைக் குப்பையிலே தள்ளியது. ஆனால் அதற்கு முன்பே, 1871இல், வெள்ளைக்காரன் இந்த நாட்டிலே குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டு விட்டான். அவன் தாடையைக் கூட அளக்கவில்லை. பிறந்த சாதியைப் பார்த்தான், முடிந்தது தீர்ப்பு! 1911இல் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகை வை, ராத்திரியானால் போலீஸ் காவலுக்கு வந்து படு, ஊரை விட்டுப் போக வேண்டுமானால் சீட்டு வாங்கு என்றார்கள். ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 3-4-1920 அன்று துப்பாக்கி பேசியது. பெண் ஒருவர் உள்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் சட்டம் ஒழிந்தது. பழி ஒழிந்ததா?

மறுபக்கத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் சதர்லண்டு என்றொரு பேராசிரியர். 1913இல் டாக்டர் பட்டத்துக்கு அவர் எடுத்துக் கொண்ட பொருள் வேலையில்லாதோர் பற்றியது. 1939இல் அவர் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டார்: குற்றம் என்றால் ஏழையின் குற்றம் மட்டுந்தானா? கோட்டு போட்டவன் செய்தால் அதற்குப் பெயர் என்ன? பிறகு 70 பெரிய கம்பெனிகளின் கணக்கைக் கிளறினார். பொய் விளம்பரம், போட்டியாளனை நசுக்கும் கூட்டுச்சதி, தொழிலாளர் சட்டத்தை மீறுதல் என்று அவற்றுக்கு எதிராக வந்த தீர்ப்புகளும் ஆணைகளும் 980! ஒரு கம்பெனி கூடத் தப்பவில்லை. 1949இல் அது நூலாக வந்தபோது பதிப்பகம் அஞ்சியது. கம்பெனிகளின் பெயர்கள் நீக்கப்பட்டன. பெயர்களோடு முழு நூல் வெளிவர 1983 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அரிசி திருடியவன் பெயர் மறுநாளே பத்திரிகையில் வருகிறது. கம்பெனியின் பெயர் வர 34 ஆண்டு! இதைக் கண்டு சொன்னது போலீசா? கோர்ட்டா? ஆராய்ச்சி!

நம் நாட்டுச் சிறைகளையும் எண்ணிப் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் சர்க்கார் கணக்குப்படி கைதிகள் சுமார் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர். அதில் சுமார் 4 லட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணைக் கைதிகள். நாலு பேரில் மூன்று பேருக்குக் குற்றம் மெய்ப்பிக்கப்படவே இல்லை! இவர்கள் யார்? ஜாமீன் கட்ட எத்தனை பேருக்கு வழி உண்டு? வாசலில் காத்து நிற்கும் பெண்டு பிள்ளைகள் எதைச் சாப்பிடுகிறார்கள்? இதை ஆராய ஆள் வேண்டாமா?

ஆராய்ந்தால் பலன் உண்டா என்பீர்கள். உண்டு. சிறைக்குள்ளே சாதி பார்த்துச் சமையலும் துப்புரவும் பிரித்துக் கொடுக்கப்படுவதை ஒரு பெண் பத்திரிகையாளர் தேடித் திரட்டினார், வழக்கும் போட்டார். 3-10-2024 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சிறை விதிகளைச் செல்லாது என்றது.

படிப்புக்கு வழி என்ன? சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறை இருக்கிறது. 2022இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி எம்.ஏ., எம்.எஸ்சி. போன்ற முதுகலைப் படிப்பில் நூற்றுக்கு 55 மதிப்பெண் வேண்டும்; தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட மாணவருக்கு 5 சலுகை. குறைந்தது மூன்று ஆண்டு. ஆறு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். தேசியத் தகுதித் தேர்விலே முன்னணியில் வந்தால் இளநிலை ஆராய்ச்சி உதவித் தொகை; 2023 முதல் அது மாதம் 37,000 ரூபாய்.

வராதவன் கதி? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்! வசதி படைத்தவன் பிள்ளை அப்பன் காசில் ஆறு ஆண்டு படிப்பான். மில் தொழிலாளி மகன் முதல் வருஷத்திலேயே, "தங்கைக்குக் கல்யாணம், வேலைக்குப் போ" என்ற சொல்லுக்குப் பணிந்து புத்தகத்தை மூடுவான். மறுபடியும் எழுதுபவன் ஒருவன், எழுதப்படுபவன் வேறொருவன்!

எனவே, சிரித்த தோழர்களே, உங்களுக்கு ஒன்று சொல்வோம். அந்தப் பையன் வீட்டுக்குப் போங்கள். தேர்வுக்கு நூல் வாங்கித் தாருங்கள். உதவித் தொகை கிடைக்காத ஏழை ஆராய்ச்சி மாணவர் அனைவருக்கும் தொகை தரச் சொல்லி சர்க்காரிடம் தீர்மானம் அனுப்புங்கள். தாத்தாவின் கட்டை விரலைப் பிடித்து மையில் அழுத்தினார்கள். பேரன் அதே விரலால் பேனா பிடிக்கட்டும்!