'அக்கதெமி' என்னுஞ் சொல்லும் கிடந்த உருவமும்

புதுச்சேரியிற் பிரெஞ்சு மொழி பயின்றோர் 'அக்கதெமி' என்னுஞ் சொற்குக் கழகம் எனப் பொருள் கொள்வர். ஓவியரிடையே அச்சொற்கு வேறொரு பொருளும் உண்டு. ஆடையற்ற மாந்தர் உடலை நேரிற் கண்டு தீட்டும் பயிற்சிப் படமே அது. கழகத்தின் பெயர் படத்திற்கு ஆகி வந்தமையால், அப்பயிற்சி அங்குப் பெற்றிருந்த சிறப்பு விளங்கும்.

அவ்வுருவங்களுள் கிடந்த நிலையே ஈண்டு யாம் ஆராயப் புகுவது. திருமாலின் நின்ற, இருந்த, கிடந்த கோலங்களை நாம் நன்கறிவோம். மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையில் அறிதுயில் கொள்ளும் திருமாலை எவரும் உடலழகுக் காட்சி எனக் கொள்ளார். கபனெல் 1863இல் காட்சிக்கு வைத்த 'வீனசின் பிறப்பு' வேறு வகையினது. கடலலைமேற் கிடக்கும் அவ்வுருவம் காண்போர்க்கெனவே கிடத்தப்பட்டது. தெய்வப் பெயர் வெறும் போர்வையே என்பது எம் கருத்து. அதனை விலைகொடுத்து வாங்கியவன் மூன்றாம் நெப்போலியன்.

பாரிசு நகரத்து அரசுக் கலைப்பள்ளி 1897ஆம் ஆண்டுவரை மகளிரைச் சேர்த்ததில்லை. 1930இல் அங்குச் சேர்ந்த அமிர்தா சேர்கில், 1933இல் தம் தங்கை இந்திராவையே மாதிரியாகக் கொண்டு 'துயில்' என்னும் படத்தைத் தீட்டினார். கண்மூடித் தன்னுள் ஒடுங்கிய அவ்வுருவம் எவர் பார்வையையும் வேண்டுவதன்று. 1937இல் தென்னாட்டைச் சுற்றிக் கண்ட அவர், 1940இல் தீட்டிய 'கட்டிலிற் பெண்' என்னும் படத்திலும் கிடந்த நிலையையே மேற்கொண்டார். ஆயின் அப்பெண் செவ்வாடை உடுத்தவள். உடல் மறைந்தும் அதன் கனம் மறையாமையை நோக்குக.