ஏறிய வண்டி ஏன் நிற்கவில்லை?

ஐப்பசி அடைமழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு காலை நேரம். போடிநாயக்கனூருக்கு மேலே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவே செல்லும் மண்சாலையில் மாணவர்கள் சிலருடன் வாடகை ஜீப்பில் போய்க்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் செம்மண் குழைந்து கிடக்க, சாலை செங்குத்தாக ஏறியது. அந்த ஏற்றத்தில் இரண்டு கார்கள் சக்கரம் வீணே சுழல நின்றுவிட்டன. எங்களுக்கு முன்னால் சென்ற நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்று மட்டும் அவற்றைக் கடந்து எளிதாக மேலேறியது. மாணவர்கள் கை தட்டினார்கள்.

மேட்டைத் தாண்டி நாங்கள் மறுபுறம் இறங்கியபோது, அதே வண்டி முதல் வளைவிலேயே சாலையை விட்டு விலகி, ஓரத்து மண்திட்டில் மோதி நின்றிருந்தது. சாலையின் மறுபக்கம் பள்ளத்தாக்கு. வண்டியை ஓட்டியவர் காயமின்றி இறங்கி நின்று, “நாலு சக்கரத்தையும் போட்டுத்தானே வந்தேன்! அப்புறம் எப்படி வழுக்கிச்சு?” என்று திகைப்புடன் கேட்டார்.

எங்கள் ஜீப் ஓட்டுநர் மெல்லிய குரலில் சொன்னார்: “அது ஏறுறதுக்குத்தான் சார். நிக்கிறதுக்கு இல்ல.”

அனுபவத்தில் கண்ட இந்த உண்மைக்குப் பள்ளி இயற்பியலிலேயே விளக்கம் இருக்கிறது. அதனை இங்கே காண்போம்.

உராய்வு என்னும் கையிருப்பு

வண்டியை நகர்த்துவது எஞ்சின் என்று நாம் சொல்கிறோம். ஆனால் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே செய்கிறது. சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ள, தரை சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இது. தரை தரும் இந்த விசையே உராய்வு. அது இல்லையேல் எவ்வளவு ஆற்றல் வாய்ந்த எஞ்சினும் சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழற்றிக்கொண்டிருக்கும்.

உராய்வு விசைக்கு ஓர் எல்லை உண்டு. சக்கரத்தின் மேல் விழும் எடையை உராய்வுக் கெழுவால் பெருக்கினால் அந்த எல்லை கிடைக்கும். காய்ந்த தார்ச்சாலையில் இந்தக் கெழு ஏறக்குறைய 0.7 எனக் கொள்ளலாம். நனைந்த தாரில் 0.4 அல்லது 0.5, குழைந்த மண்ணில் 0.3, சில இடங்களில் 0.2 கூட. இது ஒரு கையிருப்பு போன்றது. முன்னே செல்ல, நிற்க, வளைய ஆகிய மூன்று செலவுகளுக்கும் இந்த ஒரே கையிருப்பிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

ஏறும்போது

1600 கிலோகிராம் எடையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். நான்கு சக்கரங்களும் சமமாகச் சுமப்பதாகக் கொண்டால், ஒவ்வொன்றின் மேலும் 400 கிலோகிராம் எடை விழுகிறது. சாலை குழைந்த மண். உராய்வுக் கெழு 0.3.

பின்சக்கரங்கள் இரண்டும் மட்டும் இயங்கினால், கிடைக்கக்கூடிய பெரும விசை 800 × 0.3 = 240 கிலோகிராம் எடை. வண்டியின் எடையில் இது 15 சதவீதம். எனவே 100 மீட்டர் தூரத்துக்கு 15 மீட்டர் உயரும் சரிவு வரைதான் வண்டி ஏறும். நான்கு சக்கரங்களும் இயங்கினால் விசை 1600 × 0.3 = 480 கிலோகிராம் எடை. இப்போது 100-க்கு 30 என்ற சரிவிலும் ஏறலாம்.

நாங்கள் கண்ட ஏற்றம் 100-க்கு 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு சக்கர இயக்க வண்டிகள் நின்றுபோனதும், நான்கு சக்கர இயக்க வண்டி ஏறிச் சென்றதும் இந்தக் கணக்கின்படியே நிகழ்ந்தன. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உராய்வுக் கெழு இரு வகை வண்டிகளுக்கும் ஒன்றேதான். நான்கு சக்கர இயக்கம் புதிதாக உராய்வு எதையும் உண்டாக்கவில்லை. முன்சக்கரங்களுக்கு அடியில் பயன்படாமல் கிடந்த உராய்வை எடுத்துப் பயன்படுத்தியது, அவ்வளவே.

இறங்கும்போது

இப்போது அதே சரிவில், அதே மண்ணில் இறங்குவோம். நிறுத்துவதற்கு நாம் நம்புவது பிரேக். எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும் இருக்கிறது. ஆகவே நிறுத்தும் வேலையில் இரு சக்கர இயக்க வண்டியும் நான்கு சக்கரங்களின் உராய்வையும் ஏற்கெனவே பயன்படுத்திவிடுகிறது. புதிதாக எடுத்துப் பயன்படுத்த எதுவும் மிச்சமில்லை. இரண்டு வண்டிகளும் நிற்கும் தூரம் ஒன்றே!

அந்தத் தூரம் எவ்வளவு? சமதளத்துக் காய்ந்த தார்ச்சாலையில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, பிரேக் பிடித்த பின் ஏறக்குறைய 9 மீட்டரில் நிற்கும். 100-க்கு 20 என்ற மண்சரிவில் நிலைமை வேறு. அங்கே 0.3 என்ற உராய்வில் 0.2 பங்கு, வண்டி கீழே வழுக்காமல் தாங்கிப் பிடிப்பதற்கே செலவாகிவிடுகிறது. வேகத்தைக் குறைக்க எஞ்சுவது 0.1 மட்டுமே. எனவே 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க ஏறக்குறைய 63 மீட்டர் வேண்டும். வேகம் 20 ஆனால் 16 மீட்டர். 10 ஆனால் 4 மீட்டர். நடுவில் ஓரிடத்தில் நீர் ஊறி, கெழு 0.2 ஆகக் குறைந்துவிட்டாலோ, அங்கே பிரேக்கினால் வேகத்தைச் சற்றும் குறைக்க இயலாது.

இன்னும் நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. இரு சக்கர இயக்க வண்டி வழுக்கும் சாலையில் ஏறும்போதே சக்கரம் சுழன்று, “இங்கே பிடிப்பு இல்லை” என்று ஓட்டுபவரை எச்சரித்துவிடுகிறது. நான்கு சக்கர இயக்க வண்டி அந்த எச்சரிக்கையை விழுங்கிவிடுகிறது. சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதை அறியாமலேயே வேகம் பிடித்து, முதல் வளைவில்தான் அறிகிறோம். மண்திட்டில் மோதியவருக்கு நேர்ந்தது இதுவே.

அப்படியானால் இறக்கத்தில் நான்கு சக்கர இயக்கத்தால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் அது பிரேக்கின் வழியாக அல்ல. இத்தகைய வண்டிகளில் ‘லோ’ என்னும் குறைவேக நிலை ஒன்று இருக்கும். இதில் சக்கரங்களின் வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைகிறது. திருப்புவிசை அதே அளவு கூடுகிறது. இந்த நிலையில் முதல் கியரில், கிளட்சை மிதிக்காமல் இறங்கினால், எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அந்தப் பிடி நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து செல்வதால் எந்தச் சக்கரமும் எளிதில் பூட்டிக்கொள்ளாது. பிரேக்கும் சூடேறாது. 1600 கிலோகிராம் வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 26 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அவ்வளவு வெப்பத்தையும் பிரேக்கின் தலையில் கட்டுவது எத்தகைய துணிச்சல் என்று எண்ணிப் பாருங்கள்.

தார்ச்சாலையில் ஏன் கூடாது?

மண்சாலை முடிந்து தார் தொடங்கியதும் எங்கள் ஓட்டுநர் சிறிய நெம்புகோல் ஒன்றைத் தள்ளி, மீண்டும் இரு சக்கர இயக்கத்துக்கு மாறினார். “ஏன் அண்ணே மாத்துறீங்க?” என்று ஒரு மாணவன் கேட்டான். “தார்ல போட்டா வண்டி கட்டிக்கும் தம்பி” என்றார்.

‘கட்டிக்கொள்வது’ எப்படி? வண்டி வளையும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் செல்கின்றன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2.4 மீட்டர் என்றும், பின் அச்சின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் வளைகிறது என்றும் கொள்வோம். பிதாகோரஸ் தேற்றத்தின்படி முன் அச்சின் ஆரம் ஏறக்குறைய 5.55 மீட்டர். அரைவட்டமான ஒரு கொண்டை ஊசி வளைவைக் கடக்கும்போது முன்சக்கரங்கள் 1.7 மீட்டர் கூடுதலாகச் செல்ல வேண்டும். 70 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்துக்கு இது ஏறக்குறைய முக்கால் சுற்று.

ஆனால் பழைய ஜீப் வகை வண்டிகளில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும், டிரான்ஸ்ஃபர் கேஸ் எனப்படும் பகிர்வுப் பெட்டி முன் தண்டையும் பின் தண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். அந்த முக்கால் சுற்று எங்கே போவது? மண்ணிலோ மணலிலோ சக்கரம் சற்றே வழுக்கிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் வழுக்க விடாது. எனவே தண்டுகள் முறுக்கிக்கொள்கின்றன. ஸ்டியரிங் கனக்கும், நெம்புகோல் திரும்பி வர மறுக்கும், டயர் வேகமாகத் தேயும், இணைப்புகளும் பற்சக்கரங்களும் உடையவும் கூடும். இப்படிக் கட்டிக்கொண்டால், நேராகச் சற்றுப் பின்னோக்கி ஓட்டினால் பெரும்பாலும் முறுக்கு விட்டுப்போகும்.

எல்லா வண்டிகளும் இவ்வாறல்ல. 1970-ல் வெளிவந்த ரேஞ்ச் ரோவரில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு டிஃபரன்ஷியல் வைக்கப்பட்டது. 1980-ல் வந்த ஆடி குவாட்ரோவும் அத்தகையதே. இவ்வகை வண்டிகளில் முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல முடிவதால் எந்தச் சாலையிலும் நான்கு சக்கர இயக்கத்திலேயே செல்லலாம். உங்கள் வண்டி எவ்வகை என்பதை அதன் கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்கும் போட்டும் நகராதது ஏன்?

டிஃபரன்ஷியல் என்பது ஓர் அச்சின் இடது, வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் பற்சக்கரத் தொகுதி. வளைவுகளில் இது இன்றியமையாதது. ஆனால் இது இரு சக்கரங்களுக்கும் சமமான திருப்புவிசையையே தரும். ஒரு சக்கரம் சேற்றில் எதிர்ப்பின்றிச் சுழன்றால், அதற்குத் தேவைப்படும் சிறிய திருப்புவிசையே மற்றச் சக்கரத்துக்கும் கிடைக்கும். எனவே முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் பிடிப்பிழந்தால் நான்கு சக்கர இயக்க வண்டியும் நின்றுவிடும். டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி சில வண்டிகளில் இருக்கிறது. அது இல்லாதபோது, ஆக்சிலரேட்டரை மேலும் மிதிப்பது குழியை ஆழப்படுத்தவே உதவும். சுழலும் சக்கரத்தின் அடியில் கல்லோ பலகையோ வைப்பதே வழி.

சாலைக்கு ஏற்ப

குழைந்த மண், மணல், சரளை ஆகியவற்றில் நுழைவதற்கு முன்பே நான்கு சக்கர இயக்கத்துக்கு மாறுங்கள்; சிக்கிய பின் அல்ல. குறைவேக நிலைக்கு மாற, வண்டியை நிறுத்திவிடுவது நலம். மணலில் டயரின் காற்றைச் சற்றுக் குறைத்தால், தரையில் படியும் பரப்பு கூடி, வண்டி புதையாது. தார்ச்சாலைக்கு வந்ததும் மறவாமல் காற்றை நிரப்ப வேண்டும். ஓடைகளைக் கடக்குமுன் ஆழத்தை அறிந்து, மெதுவாகவும் சீராகவும் செல்லுங்கள். நனைந்த இறக்கங்களில், ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ அதற்கும் குறைந்த கியரில் இறங்குங்கள்.

பராமரிப்பு

நான்கு டயர்களும் ஒரே அளவிலும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்திலும் இருக்க வேண்டும். 35 செ.மீ. ஆரமுள்ள டயர் 6 மில்லிமீட்டர் தேய்ந்தால், புதிய டயரைவிட ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 8 சுற்று கூடுதலாகச் சுழலும். முன்னால் புதியதும் பின்னால் தேய்ந்ததும் இருந்தால், நேர்சாலையிலும் தண்டுகள் முறுக்கிக்கொள்ளும்.

மாதம் ஒரு முறையாவது மண்தரையில் சில கிலோமீட்டர் நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டுங்கள். நெடுநாள் சுழலாத பற்சக்கரங்களின் மேலிருந்து எண்ணெய் வடிந்துவிடும். ஆபத்து வேளையில் நெம்புகோல் அசையாமல் போகலாம். பகிர்வுப் பெட்டியிலும் இரண்டு அச்சுகளிலும் உள்ள எண்ணெயின் அளவைக் கையேட்டின்படி சோதியுங்கள். தண்டு இணைப்புகளுக்குக் கிரீஸ் இடுவதை மறவாதீர்கள்.

ஆழமான நீரைக் கடந்த பின் எண்ணெயைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இதற்கும் காரணம் உண்டு. ஓடிச் சூடான அச்சுப் பெட்டியின் வெப்பநிலை 80 டிகிரி செல்சியஸ் என்போம். குளிர்ந்த நீரில் இறங்கி 30 டிகிரிக்கு வந்தால், வாயு விதியின்படி உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 14 சதவீதம் குறைகிறது. காற்றுத் துளை அடைபட்டிருந்தால், பெட்டி ரப்பர் வளையங்களின் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். உடனே மாற்றிவிடுங்கள். கூடவே காற்றுத் துளையையும் சுத்தம் செய்யுங்கள்.

அன்று எங்கள் ஓட்டுநர் கயிறு கட்டி அந்த வண்டியைச் சாலைக்கு இழுத்துவிட்டார். பிறகு அந்த நீண்ட இறக்கம் முழுவதும், நடந்து வருபவர்கள் எங்களை முந்திவிடுவார்களோ என்னும் வேகத்தில் இறங்கினோம். மாணவர்கள் சலித்துக்கொண்டார்கள். மறுவாரம் வகுப்பில் 63, 16, 4 என்ற மூன்று எண்களையும் அவர்களே கணக்கிட்டுக் கரும்பலகையில் எழுதியபோது, அந்த மெதுவான பயணத்தின் அருமை அவர்களுக்குப் புரிந்தது. நிற்கும் தூரம் வேகத்தின் இருமடிக்கேற்ப வளரும் என்பது எல்லா வண்டிகளுக்கும் பொதுவான விதி. எத்தனை சக்கரங்கள் இயங்கினாலும் அது மாறாது.