இணையத்தையும் குளம்போலத் தேக்கிப் பயன்படுத்துவோம்



மழை நாம் கேட்கும் நாளில் பெய்வதில்லை. பெய்கின்றபோது தேக்கிவைத்தால்தான் சிறுபோகத்திற்கு நீர் கிடைக்கும். வவுனிக்குளமும் முத்தையன்கட்டுக் குளமும் எமக்குக் கற்றுத்தருகின்ற பாடம் இதுதான். இன்று பிள்ளைகளின் படிப்புக்கு உதவக்கூடிய பல பொருள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றையும் இவ்வாறே தேக்கிப் பயன்படுத்தலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமக்கு இது ஏன் முக்கியம்?

1990களிலும் பின்னர் 2008, 2009ஆம் ஆண்டுகளிலும் ஊர்விட்டு ஊர் ஓடிய குடும்பங்கள் வீட்டையும் மாட்டையும் மட்டும் இழக்கவில்லை. பிள்ளைகளின் புத்தகங்கள், குறிப்புக் கொப்பிகள், சான்றிதழ்கள் யாவும் வழியிலே போயின. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது எவ்வளவு எளிதில் அழிந்துவிடும் என்பதை நாம் பட்டறிந்தவர்கள். ஒரு நூல் இணையத்திலும், பாடசாலைக் கணினியிலும், பத்து வீடுகளின் கைத்தொலைபேசிகளிலும் இருக்குமாயின், ஒன்று அழிந்தாலும் மற்றவை எஞ்சும்.

2020 மார்ச் மாதத்தில் கொரோனா நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வாட்சப் வழியாக வந்தன. நல்ல தொலைபேசியும் சிக்னலும் உள்ள வீட்டுப் பிள்ளை படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை பின்தங்கியது. அன்றன்று சிக்னலை நம்பியிருப்பது மானாவாரிப் பயிர் போன்றது.

எங்கே என்ன கிடைக்கும்?

1. பாடநூல்கள்: கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிட்டு வழங்கும் பாடநூல்கள் அதன் இணையத்தளத்திலும் தமிழில் உள்ளன. தரத்தைத் தெரிவுசெய்து இறக்கிக்கொள்ளலாம். வெள்ளத்தில் புத்தகம் நனைந்துபோன பிள்ளைக்கு இது பேருதவி.

2. இ-தக்சலாவ: இது கல்வி அமைச்சின் கற்றல் தளம். தரம் 1 முதல் 13 வரையான பாடங்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் இடம்பெறுகின்றன.

3. ஆசிரியர் வழிகாட்டிகளும் வினாத்தாள்களும்: மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் பாடத்திட்டங்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் உண்டு. பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் கடந்தகால வினாத்தாள்கள் கிடைக்கின்றன. கணிதத்திற்கோ விஞ்ஞானத்திற்கோ ஆசிரியர் இல்லாத பாடசாலையில், வேறு பாடம் கற்பிக்கும் ஆசிரியரோ உயர்தரம் படித்த ஓர் இளைஞரோ இவற்றை வைத்துப் பிள்ளைகளை ஓரளவு வழிநடத்த முடியும்.

4. செய்துபார்க்கும் கருவிகள்: அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது ‘பெற்’ எனும் திட்டம். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையிலும் மின்கலம், கம்பி, மின்குமிழ் ஆகியவற்றைத் திரையில் இணைத்துச் சுற்று எவ்வாறு இயங்குகின்றது என்று பிள்ளைகள் பார்க்கலாம். சில செயற்பாடுகள் தமிழிலும் உள்ளன. ஒஸ்திரியரான மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் உருவாக்கிய ‘ஜியோஜிப்ரா’ கேத்திரகணிதத்திற்கும் வரைபுகளுக்கும் உதவும். இரண்டையும் ஒருமுறை இறக்கிவிட்டால் பின்னர் இணையமின்றியே பயன்படுத்தலாம்.

5. பொது அறிவு: 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. ‘கிவிக்ஸ்’ என்ற இலவசச் செயலி மூலம் அதை முழுமையாகவே கணினியில் சேமித்து வைக்கலாம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ தளத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன.

எவ்வாறு தேக்குவது?

தளம் இலவசம், டேட்டா இலவசமன்று. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரே புத்தகத்தைத் தனித்தனியே இறக்கினால், ஒரே பொருளுக்குப் பத்துக் குடும்பங்கள் பணம் செலுத்துகின்றன. அதற்குப் பதிலாக, நல்ல இணைப்புள்ள பாடசாலையிலோ அலுவலகத்திலோ ஒருவர் ஒருமுறை இறக்கட்டும். கோப்புகளைத் தரம், பாடம் என்று பிரித்து ஒரு கணினியில் வைக்கட்டும். அங்கிருந்து மெமரி காட் மூலமாகவோ புளூடூத் மூலமாகவோ வீடுகளுக்குக் கொண்டுசெல்லலாம். இதற்கு ஒரு சதமும் டேட்டாச் செலவில்லை. எழுத்துக் கோப்புகளை முதலில் எடுங்கள். காணொளி டேட்டாவை அதிகம் விழுங்கும். மிக அவசியமானவற்றை மட்டும் தெரிந்து எடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

தமிழ்நாட்டிலிருந்தும் நல்ல பாடங்கள் வருகின்றன. 2019இல் அந்த அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. ஆயினும் அங்குள்ள பாடத்திட்டம் வேறு, கலைச்சொற்களும் வேறு. நாம் ஒட்சிசன், காபனீரொட்சைட்டு என்று படிப்பதை அங்கே ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு என்பர். விளங்கிக்கொள்வதற்கு அவற்றைப் பார்க்கலாம். பரீட்சைக்கு எமது பாடநூலையே பின்பற்ற வேண்டும்.

இலவசம் என்று சொல்லும் எல்லாமே இலவசமல்ல. சில செயலிகள் விளம்பரத்தைக் காட்டியும், பிள்ளையின் பெயர், வயது, இருப்பிடம் போன்ற விபரங்களைச் சேகரித்துமே வருமானம் தேடுகின்றன. தேவையற்ற விபரம் கேட்கும் செயலியைத் தவிர்க்க வேண்டும். சிறு பிள்ளையிடம் தொலைபேசியைத் தனியே கொடுத்துவிட்டு வயலுக்குப் போவதும் நன்றன்று.

எந்தக் கருவியும் ஆசிரியருக்கு ஈடாகாது. பிள்ளை எங்கே இடறுகிறது என்பதை முகம் பார்த்து அறிபவர் ஆசிரியரே. எனவே இக்கருவிகள் கிடைத்துவிட்டன என்பதற்காக, வெற்றிடமாயுள்ள ஆசிரியர் பணியிடங்களை நிரப்புமாறு வலயக் கல்விப் பணிமனையிடம் கேட்பதை நாம் நிறுத்திவிடக் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் நீர் என்று ஒன்றுகூடித் தீர்மானிக்கும் பழக்கம் எமக்கு உண்டு. அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். எமது பாடசாலையில் இயங்கும் கணினி உண்டா? அதில் பாடநூல்களையும் வினாத்தாள்களையும் இறக்கிவைக்கப் பொறுப்பானவர் யார்? தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பாடசாலை முடிந்தபின் அதைப் பயன்படுத்த வாரத்தில் எந்த நாள்?

மூன்றாவது கேள்விக்கு விடை காண்பதே முக்கியம். குளம் நிறைந்திருந்தும் கடைமடை வயல் காய்ந்தால் அது நீர்ப்பங்கீடு ஆகாது.