துப்பாக்கி இல்லாத போர் விமானங்கள்

பூன் லேயில் குடியிருப்பவர்களுக்கு எஃப்-16 விமானத்தின் இரைச்சல் பழகிப்போன ஒன்று. தெங்கா விமானத் தளம் வடக்கே ஐந்து கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. விமானம் தலைக்கு மேல் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அதே தளத்திலிருந்து 1970 வரை இன்னொரு வகை ராணுவ விமானங்களும் பறந்தன. குண்டும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. கேமராவை ஏற்றிக்கொண்டு போய், படம் பிடித்து, பத்திரமாகத் திரும்பி வருவது ஒன்றே அவற்றின் வேலை. பிரிட்டிஷ் விமானப் படையின் 81ஆம் ஸ்குவாட்ரன் என்ற வேவுப் பிரிவு அவற்றை ஓட்டியது.

வேவு விமானத்துக்கு வேகம் எதற்கு என்பதைச் சிங்கப்பூர் கசப்பான முறையில்தான் அறிந்துகொண்டது. ஜப்பானின் மிட்சுபிஷி கி-46 இரட்டை எஞ்சின் விமானம் மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடியது. ஜப்பானுடன் போர் தொடங்குவதற்கு முன்பே, 1941 அக்டோபரில், இந்தோசீனாவிலிருந்து கிளம்பிய கி-46 விமானங்கள் மலாயா மீது பறந்து விமானத் தளங்களைப் படம் பிடித்தன. சிங்கப்பூரில் பிரிட்டிஷாரிடம் இருந்த பஃபலோ சண்டை விமானத்தின் உச்ச வேகமே மணிக்குச் சுமார் 520 கிலோமீட்டர். துரத்திப் பிடிக்க வழியில்லை. டிசம்பர் 8 விடியற்காலையில் தெங்காவிலும் சிலேத்தாரிலும் குண்டுகள் விழுந்தன.

போருக்குப் பின் நிலைமை தலைகீழானது. 1946இல் சிலேத்தார் தளத்தில் 81ஆம் ஸ்குவாட்ரன் வேவுப் பணிக்காக மீண்டும் அமைக்கப்பட்டது. அதனிடம் இருந்தவை ஸ்பிட்ஃபயரும் மொஸ்கிட்டோவும். சண்டைக்குப் பேர்போன ஸ்பிட்ஃபயரை வேவுக்கென்று மாற்றியமைத்த விதம் சுவாரசியமானது. இறக்கையிலிருந்த துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை எரிபொருளால் நிரப்பினார்கள். உடற்பகுதியில் கேமராக்களைப் பொருத்தினார்கள். உயரே காற்று மெலிந்திருக்கும் என்பதால் விமானி அறைக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டும் ஏற்பாடு வந்தது. வானத்தோடு கலந்துவிடும்படி நீல வண்ணம் பூசினார்கள். மொஸ்கிட்டோவோ ஒட்டுப்பலகையும் பால்சா மரமும் கொண்டு செய்த விமானம். மரம் என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். அதன் வேவு வகை மணிக்கு 680 கிலோமீட்டர் வரை போகும்.

1948இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் வேலை குவிந்தது. காட்டுக்குள் பதுங்கியிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைத் தேட நல்ல வரைபடம்கூட இல்லை. விமானம் நேர்கோட்டில் பறந்தபடி படமெடுக்கும். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் பாதிக்கு மேற்பட்ட பரப்பை மறுபடி காட்டும்படி எடுக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு படங்களை இரட்டைக் கண்ணாடிக் கருவியின் வழியே பார்த்தால் மரமும் மேடும் பள்ளமும் கனபரிமாணத்தோடு எழுந்து நிற்கும். காட்டு நடுவே திடீரென்று ஒரு வெட்டவெளி தெரிந்தால், அது காட்டின் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்களின் தோட்டமா, கெரில்லாக்கள் பயிரிட்ட காய்கறிப் பாத்தியா என்று படம் படிப்பவர்கள் பிரித்துச் சொல்ல வேண்டும். என் பார்வையில், விமானியின் துணிச்சலைக் காட்டிலும் இந்த மேசை வேலைதான் கடினம். தவறாகப் படித்தால் குண்டு யார் தலையில் விழும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் புகழ் முழுக்க விமானிக்குத்தான் போயிற்று.

விமானிக்கும் சும்மா கிடைத்த புகழ் இல்லை அது. ஹாங்காங்கின் காய் டாக் தளத்தில் இந்த ஸ்குவாட்ரனின் ஒரு கிளை இருந்தது. 1952 பிப்ரவரி 5ஆம் நாள் அங்கிருந்து டெட் பவுல்ஸ் என்ற விமானி ஸ்பிட்ஃபயரில் கிளம்பி 51,550 அடி உயரத்தைத் தொட்டார். இன்றைய பயணிகள் விமானங்கள் பறப்பதைவிடப் பல ஆயிரம் அடி அதிகம். அறைக்குள் அழுத்தம் குறைவதாக எச்சரிக்கை வர, அவசரமாகக் கீழே இறக்கினார். விமானம் கட்டுக்கு அடங்காமல் பாய்ந்தது. கடலை நெருங்கிய பிறகுதான் பிடி கிடைத்தது. கருவிகள் காட்டியதைப் பின்னர் கணக்கிட்டபோது மணிக்குச் சுமார் 1,110 கிலோமீட்டர் வந்தது. ஒரு காற்றாடி விமானத்துக்கு இது ஒலியின் வேகத்தை எட்டிப் பார்த்த கணக்கு. இதை நம்பாத வல்லுநர்களும் உண்டு.

பிரிட்டிஷ் விமானப் படை ஸ்பிட்ஃபயரின் கடைசிப் போர்ப்பணி சிங்கப்பூரிலிருந்துதான் நடந்தது என்பது பலருக்கு வியப்பூட்டும். 1954 ஏப்ரல் 1 அன்று சிலேத்தாரிலிருந்து எழும்பி, ஜோகூர் காட்டைப் படம் பிடித்துத் திரும்பியது பிஎஸ்888 என்ற எண் கொண்ட விமானம். ‘கடைசி!’ என்று அதன் உடலிலேயே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். மறு ஆண்டு டிசம்பர் 15 அன்று பிரிட்டிஷ் விமானப் படை மொஸ்கிட்டோவின் கடைசிப் போர்ப்பணியும் சிலேத்தாரிலிருந்தே நடந்தேறியது. 1958இல் ஸ்குவாட்ரன் தெங்காவுக்கு இடம் மாறியது. காற்றாடி போய் ஜெட் வந்திருந்தது. முதலில் மீட்டியோர், 1960 முதல் கான்பரா. இந்தோனேசியாவுடன் மோதல் நீடித்த 1963–66 காலத்தில் போர்னியோ எல்லையை இந்தக் கான்பராக்கள் படமெடுத்தன. 1970இல் ஸ்குவாட்ரன் கலைக்கப்பட்டது. அடுத்து அதே தளத்துக்கு வந்த சிங்கப்பூரின் ஹண்டர் விமானங்களிலும் பல, மூக்கில் கேமரா வைத்த வகைதான்.

கான்பராவின் கதை அதோடு முடியவில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த பிஆர்57 வகையை இந்திய விமானப் படை வைத்திருந்தது. 1999 மே 21 அன்று, கார்கில் போரின்போது, பெருமாள் என்ற விமானி ஓட்டிச் சென்ற கான்பராவின் வலப்பக்க எஞ்சினை ஏவுகணை தாக்கியது. மலைகளே அத்தனை உயரமாக இருந்ததால், சிகரத்தில் நின்றவர்களின் தோள் ஏவுகணைக்கு விமானம் எட்டிவிட்டது. எஞ்சிய ஒற்றை எஞ்சினோடு அவர் ஸ்ரீநகரில் இறங்கினார். வாயு சேனா பதக்கம் கிடைத்தது.

கான்பராவுக்குப் பின் உருவான சில வேவு விமானங்கள் வேகத்தில் அதை விஞ்சின. இந்தியாவின் மிக்-25, 1981 முதல் 2006 வரை பரேலி தளத்திலிருந்து பறந்தது. 1976இல் அமெரிக்காவின் எஸ்ஆர்-71 மணிக்கு 3,529 கிலோமீட்டர் என்று சாதனை படைத்தது. எஸ்ஆர்-71 வகையில் ஒன்றைக்கூட எதிரியால் சுட்டு வீழ்த்த முடியவில்லை. ஆனால் செயற்கைக்கோளும் ஆளில்லா விமானமும் அந்த வேலையைக் குறைந்த செலவில் செய்யத் தொடங்கியதும் மிக்-25, எஸ்ஆர்-71 இரண்டும் ஓய்ந்தன.

மிஞ்சியவை படங்கள். பிரிட்டிஷ் விமானப் படை 1940கள் முதல் சிங்கப்பூர் மீது பறந்து எடுத்த வான்படங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ராணுவத்துக்காக எடுத்தவை இன்று கம்பங்களின், ஆற்று வளைவுகளின், சதுப்புநிலங்களின் சாட்சியாகிவிட்டன. தொழிற்பேட்டை வருவதற்கு முந்தைய ஜூரோங் எப்படி இருந்தது என்று சொல்ல, பெரியவர்களின் நினைவை விட்டால் இவைதான் துணை. பலவற்றைக் காப்பகத்தின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். வீட்டில் அந்தக் காலத்து மனிதர் ஒருவர் இருந்தால், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். எந்தப் பாதை எங்கே போனது என்று அவர் சொல்வதை எழுதி வையுங்கள்.