அப்பா பைக்கை எடைக்குப் போடும் முன் ஒரு நிமிஷம்!

பொங்கல் லீவுக்குப் பிள்ளைகள் ஊருக்கு வந்ததும் கோவை, சூலூர், பல்லடம் பக்கத்து வீடுகள் பலவற்றில் நடக்கும் காட்சி இது. போர்டிகோ ஓரத்தில் சாக்குப் போர்த்தி நிற்கும் பழைய பைக்கை மகன் வெளியே தள்ளுகிறார். தூசு தட்டி, சோக்கை இழுத்துவிட்டு கிக்கரை உதைக்கிறார். இருபது உதை, முப்பது உதை... சட்டையெல்லாம் நனைந்ததுதான் மிச்சம்.

"ஏங்கண்ணு, அதையப் போட்டு ஏன் ஒதைக்கற? எடைக்குப் போட்டுட்டா எடமாச்சும் மிச்சமாகும்" என்கிறார் அம்மா. சொல்லும்போதே குரல் கம்முகிறது. அது அப்பா ஓட்டிய வண்டி.

அவசரப்பட வேண்டாம். ஓடிக்கொண்டிருந்த வண்டியை அப்படியே நிறுத்தி வைத்திருந்தால், பெரும்பாலும் இன்ஜின் போயிருக்காது. அடைத்திருப்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் ஒரு சின்னத் துளையாக இருக்கலாம்.

அங்கே பனி, இங்கே மழை

பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலம் முழுக்க பைக்கை ஷெட்டில் பூட்டி வைப்பார்கள். கனடாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இது பழகிய விஷயம். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால், மகன் வெளிநாடு போய்விட்டார், பெரியவருக்கு முழங்கால் வலி, ஐப்பசி, கார்த்திகை மழை என்று ஏதோ ஒரு காரணத்தில் இங்கேயும் வண்டிகள் மாதக்கணக்கில் நிற்கின்றன. 2020 ஊரடங்கில் ஒரே சமயத்தில் எத்தனை வண்டிகள் நின்றன என்பதை மறக்க முடியுமா?

உள்ளே நடப்பது என்ன?

டேங்கிலிருந்து வரும் பெட்ரோல், கார்புரேட்டரின் அடியில் உள்ள கிண்ணத்தில் கொஞ்சமாகத் தேங்கி நிற்கும். அங்கிருந்து ஸ்லோ ஜெட், மெயின் ஜெட் என்ற பித்தளைத் துளைகள் வழியாக உறிஞ்சப்பட்டு, காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் போகும். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

வண்டி நிற்கும்போது பெட்ரோலில் உள்ள லேசான பகுதி முதலில் ஆவியாகிவிடும். மிச்சம் உள்ளது காற்றுப் பட்டுப் பட்டு, பிசின்போல பழுப்பாகப் படியும். முதலில் அடைபடுவது இருப்பதிலேயே சின்னதான ஸ்லோ ஜெட்தான்.

இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு கலக்கிறார்கள். 2023 முதல் 20 சதவிகிதக் கலப்பு படிப்படியாக வந்துவிட்டது. எத்தனாலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து, டேங்கின் அடியில் தங்கிவிடும். டேங்க் துருப்பிடிப்பதும், துரு கீழே இறங்கி அடைப்பதும் இப்படித்தான். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய், வாஷர்களையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

உதைக்கும் முன்...

* வண்டியை வெட்டவெளியில் நிறுத்துங்கள். பூஜை விளக்கு, அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது. டேங்குக்குள் பார்க்கத் தீக்குச்சி கிழிக்கவே கூடாது.
* டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோலின் சுள்ளென்ற வாசனை போய், பழைய வார்னிஷ்போல அடித்தால் அது வேலைக்கு ஆகாது. முழுவதையும் பெட்ரோலுக்கான கேனில் இறக்கிவிடுங்கள். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல் ஒர்க் ஷாப்பில் கொடுங்கள்.
* கார்புரேட்டரின் அடியில் ஒரு டிரெய்ன் ஸ்க்ரூ இருக்கும். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு அதைத் தளர்த்தினால், கிண்ணத்தில் தேங்கியது வெளியே வரும். கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாகத் தனியே நின்றால் அது தண்ணீர்.
* நான்கு ஸ்ட்ரோக் வண்டி என்றால் இன்ஜின் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு கூடியிருந்து பெட்ரோல் வாசனையும் வந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெட்ரோல் கசிந்து ஆயிலில் கலந்திருக்கிறது. மெக்கானிக் வந்து கசிவைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிய பிறகுதான் உதைக்க வேண்டும்.
* ஏர் ஃபில்டரிலும் சைலன்சர் வாயிலும் எலி கடித்த பஞ்சோ, குளவிக் கூடோ இருக்கிறதா பாருங்கள். குளவிக்கு நின்ற வண்டி என்றால் சொந்த வீடு மாதிரி!

எல்லாம் சரி என்றால், புதுப் பெட்ரோல் ஒரு லிட்டர் ஊற்றி, டேப்பைத் திறந்து இரண்டு நிமிஷம் பொறுத்து, சோக் போட்டு உதையுங்கள். லேசாகப் படிந்திருந்த வண்டி இதிலேயே கிளம்பிவிடும்.

அறிகுறி சொல்லும் சேதி

சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது, சோக்கை இறக்கினால் அணைந்துவிடுகிறது, ஐட்லிங் நிற்கவில்லை: ஸ்லோ ஜெட் அடைப்பு. சோக் போட்டால் காற்று குறைந்து பெட்ரோல் விகிதம் கூடுவதால்தான் வண்டி ஒப்பேற்றுகிறது.

கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருக்கிறது: கிண்ணத்தில் மிதவையோடு இருக்கும் ஊசி சரியாக மூடவில்லை. டேப்பை உடனே மூடிவிடுங்கள். இது தீப்பிடிக்கும் விஷயம், அசட்டை கூடாது.

நன்றாகக் கிளம்பி, சில கிலோமீட்டரில் மூச்சுத் திணறி நிற்கிறது. டேங்க் மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடுகிறது: மூடியில் காற்று போகும் துளை அடைத்திருக்கிறது. சுத்தம் செய்தால் போதும்.

குண்டூசி வேண்டாம்

ஜெட் அடைத்திருந்தால் பலரும் குண்டூசியையோ கம்பியையோ விட்டுக் குத்துகிறார்கள். பித்தளை மென்மையான உலோகம். துளை கொஞ்சம் பெரிதானாலும் பெட்ரோல் கூடுதலாகப் போகும். பிளக் கறுக்கும், மைலேஜ் விழும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயில் ஊறவைத்து, கம்ப்ரஸர் காற்றில் ஊதி எடுப்பதுதான் சரி. ஊதும் முன் மிதவையையும் ரப்பர் பாகங்களையும் கழற்றிவிட வேண்டும். கழற்றிய ரப்பர் வாஷரில் வெடிப்பு இருந்தால் புதிது போடச் சொல்லுங்கள்.

பழகாதவர்கள் மெக்கானிக்கிடமே விட்டுவிடலாம். ஆனால், "சோக்கில் மட்டும் ஓடுதுங்க, ஆறு மாசமா நின்ன வண்டிங்க" என்று சொல்லிக் கொடுங்கள். கோளாறு தெரிந்து போனால் தேவையில்லாத செலவு வராது.

ஒரு விஷயம்: 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, பெரும்பாலான பைக்குகள் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றுக்கு இந்த வைத்தியம் பொருந்தாது.

மறுபடி நிறுத்துவதானால்...

இரண்டு, மூன்று மாதம் என்றால் டேங்கை நிரப்பி வையுங்கள். காலி இடம் குறைந்தால் ஈரமும் துருவும் குறையும். டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் தீர்ந்து வண்டி தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். டேப் இல்லாத ஸ்கூட்டர் என்றால் டிரெய்ன் ஸ்க்ரூ வழியாக இறக்கச் சொல்லுங்கள். ஒரு வருடம் என்றால் டேங்கையும் காலி செய்வதே மேல். ஊரில் யாராவது இருந்தால், பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஐந்து கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே இரண்டு நிமிஷம் உறுமவிடுவதால் பெரிய பலன் இல்லை.

பைக்கைப் பிரித்துப் பார்ப்பது கோவைக்குப் புதிதல்ல. சூலூர் அருகே கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டார். ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியை வாங்கினார். வாங்கியவர் ஓட்டியதோடு நிற்காமல், அக்கக்காகக் கழற்றி மாட்டி அதன் சூட்சுமத்தைக் கற்றார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸோடு அவர் தொடங்கிய தொழிலுக்கு, அந்தக் கழற்றலும் மாட்டலும்தான் பள்ளிக்கூடம்.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு கிண்ணத்தையும் ஒரு ஜெட்டையும் கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு காலைப் பொழுது போதும்.

அதன் பிறகு வண்டி கிளம்பும்போது சமையற்கட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்ப்பார். சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரியும், அது எந்த வண்டி என்று.