பட்டத்துக்குப் பிறகும் படிப்பா? ஆராய்ச்சிப் புலமைப்பரிசில் பற்றிச் சில விளக்கங்கள்

"பிள்ளை கம்பஸ் முடிச்சிட்டுது. இனியாவது வீட்டுக்கு ஒரு உழைப்பு வரும் எண்டு இருந்தன். இப்ப ஆராய்ச்சி, இன்னும் ரண்டு மூண்டு வருசம் எண்டு நிக்குது. நான் காசுக்கு எங்க போறது?"

இடம்பெயர்ந்து, காணியை விட்டு வந்து, கூலி வேலை செய்து பிள்ளையைப் படிப்பித்த ஒரு தந்தை எம்மிடம் இப்படிக் கேட்டார். அவருடைய மகள் விவசாய பீடத்தில் நல்ல பெறுபேற்றுடன் பட்டம் பெற்றவர். தந்தையின் கவலை நியாயமானது. ஆனால் அதனுள் ஒரு தவறான எண்ணமும் இருக்கிறது. ஆராய்ச்சிப் படிப்பின் செலவு முழுவதையும் குடும்பமே சுமக்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். இதே நினைப்பினால் விசாரித்துப் பார்க்காமலே "வேண்டாம்" என்று சொல்லிவிடும் வீடுகள் பல உண்டு. ஆகவே இவ்விடயத்தைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

மகாபொலவுக்கு அப்பால்

மகாபொலப் புலமைப்பரிசில் எமது குடும்பங்களுக்குப் பழக்கமானது. 1981 இல் சட்டமூலம் ஏற்படுத்தப்பட்ட அந்த நிதியம் முதற் பட்டப் படிப்புக்கு உரியது. பட்டம் முடிந்ததும் அந்த உதவியும் முடிந்துவிடும். அதற்கு மேல் விஞ்ஞானத்திலும் தொழில்நுட்பத்திலும் ஆராய்ச்சி செய்வோருக்கு அரசின் வேறு ஒழுங்குகள் உள்ளன.

இலங்கையில் 1968 இல் தேசிய விஞ்ஞானப் பேரவை அமைக்கப்பட்டது. 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயற்கை வளங்கள், சக்தி, விஞ்ஞான அதிகாரசபை அதன் இடத்துக்கு வந்தது. 1998 இல் தேசிய விஞ்ஞான மன்றம் அப்பணியைப் பொறுப்பேற்றது. 1999 இல் தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் தொடங்கப்பட்டது. இவை போன்ற நிறுவனங்கள் மூலம் அரச பணம் ஆராய்ச்சிக்கும், அதைச் செய்யும் இளம் பட்டதாரிகளுக்கும் வழங்கப்பட்டு வந்துள்ளது.

பணம் இரண்டு வழிகளில் வரும். ஒன்று, மாணவரே விண்ணப்பித்துத் தம் பெயரில் பெறும் புலமைப்பரிசில். மற்றது, பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் ஓர் ஆராய்ச்சித் திட்டத்துக்கு மானியம் பெற்று, அதில் ஒரு பட்டதாரியை ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்த்துக் கொள்வது. அந்தப் பட்டதாரி மாதாந்தக் கொடுப்பனவு பெற்றுக் கொண்டே முதுதத்துவமாணி (எம்.பில்.) அல்லது கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்து படிக்கலாம். இரசாயனப் பொருட்கள், உபகரணம், வெளிக்களப் பயணம் ஆகியவற்றுக்கான செலவு திட்டப் பணத்திலிருந்து போகும். இது கடன் அன்று. வட்டி கட்ட வேண்டியதில்லை.

ஆராய்ச்சி என்பது என்ன?

"அது பெரிய படிப்பு, எங்களுக்கு ஏன்?" என்று சிலர் கேட்பர். ஒரு கிணற்றை வைத்து இதை விளக்கலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் மண்ணினூடாகச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கீழே உள்ள உவர்நீருக்கு மேல் நன்னீராகத் தங்குகிறது. அந்த நீரைத்தான் நாம் இறைத்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்தோம். நாம் இட்ட யூரியாவிலும் எருவிலும் பயிர் எடுக்காத பங்கு, இறைத்த நீரோடும் மழையோடும் திரும்பக் கிணற்றுக்கே போனது. மலகூடக் குழிகளின் கழிவும் அங்கேயே சேர்ந்தது.

இது கண்ணுக்குத் தெரியவில்லை, நாக்குக்கும் தெரியவில்லை. 1980 களில் ஆராய்ச்சியாளர் கிணற்று நீரை எடுத்துச் சோதித்தபோதுதான், தோட்டச் செய்கை மிகுந்த பகுதிகளில் பல கிணறுகளின் நைத்திரேற்று அளவு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டியிருந்தது தெரியவந்தது. அந்த எல்லை ஒரு லீற்றர் நீருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் வலு குறையக்கூடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. உரத்தை ஒரேயடியாக இடாமல் பிரித்து இடுவது, மலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி அமைப்பது ஆகிய ஆலோசனைகளுக்கு இப்படியான சோதனைகளே ஆதாரம்.

ஒரு நாள் ஒரு போத்தல் நீரை எடுத்துப் பார்த்தால் இவற்றைச் சொல்ல முடியாது. அதே கிணறுகளுக்கு மாரியிலும் கோடையிலும் மாதாமாதம் போக வேண்டும், அளக்க வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கான இந்த வேலையைச் செய்யப் பெரும்பாலும் ஓர் ஆராய்ச்சி மாணவர் தேவைப்படுகிறார். அவர் உண்ணவும் உடுக்கவும் வழி வேண்டும். அதற்காகத்தான் அரசு கொடுப்பனவு வழங்குகிறது.

நெல்லிலும் இப்படித்தான். உவர் ஏறிய வயலுக்கு ஏற்ற ஏ.ரி. 354 என்ற இனம் அம்பாந்தோட்டை மாவட்டத்தின் அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. பெயரிலுள்ள 3 என்ற முதல் இலக்கமும் அடுத்துள்ள 5 உம் அது மூன்றரை மாத நெல் என்பதைக் காட்டுகின்றன. ஆண்டுக்கணக்கில் தரிசாகக் கிடந்து, வரம்பு உடைந்து, உவர் ஏறிய வயல்களுக்குத் திரும்புவோரின் கேள்விகளையும் யாரோ ஒருவர் ஆராய வேண்டும். அந்த மண்ணை அறிந்த வீட்டுப் பிள்ளை அதைச் செய்தால் என்ன?

எங்கே விசாரிப்பது?

முதலில் பிள்ளை படித்த பீடத்திலேயே விசாரிக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் 1990 இல் கிளிநொச்சியில் தொடங்கப்பட்டது. எம்மைப் போலவே அதுவும் போரால் இடம்பெயர்ந்து, பின்னர் கிளிநொச்சிக்குத் திரும்பியது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் விவசாய பீடம் உண்டு. பேராதனையில் விவசாயப் பட்டப்பின்படிப்பு நிறுவனம் 1975 முதல் இயங்குகிறது. மானியம் வைத்திருக்கும் ஆசிரியர் யார், எந்த விடயத்தில் ஆள் தேடுகிறார் என்பதை நேரில் கேட்டறிவதே சிறந்த வழி. பத்திரிகை விளம்பரத்தையும் கவனித்துக் கொள்ள வேண்டும். முடிவுத் திகதி தவறினால் ஓர் ஆண்டே போய்விடலாம்.

வெளிநாட்டு அரசுகளின் உதவியும் உண்டு. பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் 1959 இலும், யப்பான் அரசின் புலமைப்பரிசில் 1954 இலும் தொடங்கியவை. போட்டி கடுமையானது, ஆங்கில அறிவு முக்கியம்.

பத்திரங்கள்

இடம்பெயர்வில் பத்திரங்களை இழந்தவர்கள் விண்ணப்பம் கோரப்படும் வரை காத்திருக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், பரீட்சைப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திலும், பட்டச் சான்றிதழின் விபரத்தைப் பல்கலைக்கழகப் பதிவாளரிடமும் முன்கூட்டியே பெற்று வைத்திருங்கள்.

மறைக்கக் கூடாதவை

நன்மையை மட்டும் சொல்லி உங்களை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. இக்கொடுப்பனவு ஒருவர் சிக்கனமாகச் சீவிக்கப் போதுமாகலாம்; ஒரு குடும்பத்தைத் தாங்கும் என்று எண்ணக் கூடாது. இது நிரந்தர உத்தியோகம் அன்று, ஓய்வூதியமும் இல்லை. குறித்த காலம் முடிந்ததும், ஆய்வு முடியாவிட்டாலும் பணம் நின்றுவிடக் கூடும். படித்து முடித்தபின் வேலை நிச்சயம் என்று ஒருவரும் எழுதித் தர மாட்டார்கள்.

ஆகவே முடிவு எடுக்குமுன் பிள்ளையும் பெற்றோரும் ஒன்றாக இருந்து இவற்றைக் கேட்டறியுங்கள்:

1. மாதம் எவ்வளவு? எத்தனை மாதத்துக்கு?
2. பதிவுக் கட்டணத்தை யார் கட்டுவது?
3. முதற் கொடுப்பனவு எப்போது கைக்கு வரும்? அதுவரை செலவுக்கு என்ன வழி?
4. முன்னேற்ற அறிக்கை எப்போது கொடுக்க வேண்டும்?
5. இடையில் விட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா? பிணை நிற்க வேண்டுமா?

ஐந்தாவது கேள்வியை மறக்க வேண்டாம். உடன்படிக்கையை முழுவதும் வாசித்து விளங்கிய பின்பே கையொப்பம் இட வேண்டும்.

விடை கேட்ட பின்னர் "இப்போது முடியாது, வீட்டுக்கு உழைப்பு வேண்டும்" என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால் அதைக் குறை கூற முடியாது. வேலையில் இருந்துகொண்டு பகுதிநேரமாகப் படிக்க இடமுள்ள பட்டங்களும் இருக்கின்றன. கேட்காமலே கதவைச் சாத்துவதுதான் இழப்பு.

அந்தத் தந்தையிடமும் இந்த ஐந்து கேள்விகளையே எழுதிக் கொடுத்தோம். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "அப்ப முதல்ல பிள்ளையோட கதைக்கிறன்" என்றார். நாமும் அதைத்தான் கேட்கிறோம்: முதலில் பிள்ளையோடு கதையுங்கள்.