கடல் கடந்து கற்போர்க்குத் தங்குமிடம்

நம் திருத்தணியில் 1888-இல் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் திருப்பதி, வேலூர், சென்னை என ஊர் மாறிக் கற்றவர். நாளை நம்மில் சிலர் வெளிநாட்டுக் கல்லூரிக்கும் மாறிச் செல்லலாம். அங்கே தங்குமிடத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

கணித மேதை இராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவராயிருந்து, 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். முதலில் கணித அறிஞர் நெவிலின் வீட்டில் தங்கினார். பின்னர் டிரினிட்டி கல்லூரியிலேயே அறை பெற்றார். பேராசிரியர் ஹார்டியைக் காண அது மிக வசதி. ஆனால் சைவ உணவு உண்பவராகையால் தாமே சமைத்துத் தனியே உண்டார். இரவில் குளிரால் வருந்தினார். கட்டிலில் விரித்திருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டுமென்பதே அவருக்குத் தெரியவில்லை! அறைக்கு வந்த நண்பர் மகாலனோபிஸ்தான் அதைச் சொல்லிக் கொடுத்தார். 1917-இல் இராமானுஜன் கடும் நோயுற்றார்.

அருகில் இருப்பது மட்டும் போதாது என்பது இதனால் விளங்குகிறது. சேலத்தில் பிறந்த கே. டி. பால் அவர்களின் முயற்சியால் 1920-இல் லண்டனில் இந்திய மாணவர் விடுதி தோன்றியதும் இத்தகைய தேவையால்தான்.

ஆகவே தோழியரே, வாடகையைக் கேட்கும்போதே இன்னும் மூன்றைக் கேட்போம். வகுப்புக்கு நடந்து செல்லலாமா? நமக்கு ஒத்த உணவு கிடைக்குமா? காய்ச்சலில் படுத்தால் கதவைத் தட்டுவார் யார்? முதலாண்டு கல்லூரி விடுதியில் தங்கி, ஊர் பழகியபின் வெளியே அறை தேடுவது நலம். அறையைப் பாராமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். தெரியாததைக் கேட்க வெட்கப்படவும் வேண்டாம்.